வட்டி, அடகு, அரசாங்கம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பக்கம் அடகுக்கடையில் 19 வருடம் கணக்கு எழுதியவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

உரிமம் உள்ள வட்டிக்கடையில் 1,000 வெள்ளி கடன் வாங்கினேன். கையில் 900தான் வந்தது. ஏமாற்றா?

இல்லை அக்கா. நிர்வாகக் கட்டணமாக 10 விழுக்காடு வரை பிடிக்கலாம். வட்டி மாதம் 4 விழுக்காடு வரை, தவணை தவறினால் மாதம் 60 வெள்ளி வரை தாமதக் கட்டணம். ஆனால் வட்டியும் கட்டணங்களும் சேர்ந்து, வாங்கிய கடன் தொகையைத் தாண்டக்கூடாது. 2015 அக்டோபரிலிருந்து இதுதான் சட்டம். எவ்வளவு நாள் இழுத்தாலும், நீதிமன்றச் செலவு தவிர, மொத்தம் 2,000க்கு மேல் கேட்க முடியாது. ஒப்பந்த நகல் இல்லையென்றால் இன்றே போய் வாங்குங்கள்.

கட்டுமான வேலை, சம்பளம் 750 வெள்ளி. வாட்ஸ்அப்பில் 5,000 தருகிறேன் என்கிறார்கள். வாங்கலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. ஆண்டு வருமானம் 10,000க்குக் கீழே உள்ள வெளிநாட்டு ஊழியருக்கு உரிமக் கடைகள் எல்லாம் சேர்ந்தே 500 வெள்ளிதான் தரலாம். குறுஞ்செய்தியில் ஆள் பிடிக்கவும் அவர்களுக்கு அனுமதி இல்லை. அவன் ஆலோங், அதாவது உரிமம் இல்லாத வட்டிக்காரன். அரசாங்கச் சேவைகளுக்கான மின்னடையாளமான சிங்பாஸையும் ஏடிஎம் கார்டையும் யாரிடமும் கொடுக்காதே.

மாதம் 4 என்றால் வருடத்துக்கு 48. அரசாங்கம் எப்படி விட்டது?

நியாயமான கோபம். அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) தரும் வீட்டுக் கடனுக்கு வருடத்துக்கே 2.6 விழுக்காடுதான். நகை இருந்தால் அடகுக்கடையில் மாதம் 1.5. ஒன்றுமே இல்லாதவருக்கு மாதம் 4. கையில் இருப்பது குறையக் குறைய வட்டி ஏறுகிறது. ஒரு அம்மா தாலிக்கொடியைத் தராசில் வைத்தார். எடை பார்க்க வேண்டும், ஆனால் அவர் விரலை எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.

அப்படியானால் மொத்தமாகத் தடை செய்யலாமே?

செய்தால் அந்த அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர், நகை இல்லாதவர், நேரே ஆலோங்கிடம் போவார். வீடு வாங்கக் கடன் கொடுக்கும் அரசாங்கம், மருத்துவச் செலவுக்குச் சில நூறு வெள்ளியையும் அதே வட்டியில் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

திருப்பித் தராவிட்டால் வரிப்பணம் போகுமே?

சிலர் தரமாட்டார்கள், சரி. ஆனால் நகையை மீட்க முடியாவிட்டாலும், ஆறு மாதக் கெடு முடிவதற்குள் ஓடி வந்து வட்டி கட்டிய ஏழைகளைத்தான் நான் அதிகம் பார்த்தேன். சம்பளத்தில் மாதம் 30, 40 வெள்ளி பிடித்தால் அவர்கள் கட்டுவார்கள்.

அந்தக் காலத்தில் மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகளில் வட்டி எப்படி இருந்தது?

அது பெரிய கதை, தனியாகப் பேசலாம். இப்போது கடனில் இருப்பவர்கள் காத்திருக்கிறார்கள்.

வாட்ஸ்அப்பில் கடன்...

மேலே சொல்லிவிட்டேன். படியுங்கள்.

கேட்காமலே என் கணக்கில் 200 வெள்ளி போட்டுவிட்டு, இப்போது 400 கேட்டு மிரட்டுகிறார்கள்.

தொடாதீர்கள். அவர்கள் சொல்லும் கணக்குக்கு அனுப்பவும் வேண்டாம். வங்கிக்கும் போலீசுக்கும் இன்றே சொல்லுங்கள். 'உன் கார்டைக் கொடு, கடனைக் கழித்துக்கொள்கிறோம்' என்பார்கள். மறுபடியும் சொல்கிறேன், கொடுக்காதீர்கள். ஆலோங்குக்கு உதவினால் முதல் முறையே குறைந்தது 30,000 வெள்ளி அபராதம், நான்கு ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. மிரட்டல் செய்திகளை அழிக்காமல் போலீசிடம் காட்டுங்கள்.