மூலநிலத்தை இழந்த பேரரசுகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தலைநகரையும் சொந்த நிலத்தையும் பறிகொடுத்த அரசகுலம் தொலைதூர மண்ணில் மீண்டும் ஆட்சி அமைத்தால், அதைப் பழைய பேரரசின் தொடர்ச்சி என்று வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. தப்பிப் பிழைத்த சிலர் பழைய பெயரில் நிறுவிய புதிய அரசு என்பதுதானே சரி?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நான் அதைத் தொடர்ச்சியாகவே பார்க்கிறேன். குலப்பெயருக்காக அல்ல. ஆளும் முறையைக் கூடவே கொண்டுசென்றார்களா என்பதுதான் என் அளவுகோல்.

யெலூ தாஷியை எடுத்துக்கொள்ளுங்கள். வடசீனத்தின் ஒரு பகுதியையும் மஞ்சூரியாவையும் மங்கோலியப் புல்வெளியையும் ஆண்ட, கித்தான் என்ற நாடோடி இனத்தவரின் லியாவ் பேரரசு 1125இல் மஞ்சூரியாவின் ஜுர்ச்சென் இனத்தவரிடம் வீழ்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டே, பேரரசரின் விவேகமற்ற போர்த்திட்டத்தை எதிர்த்துச் சிறு படையோடு பிரிந்து சென்றவர் தாஷி. அரசகுலத்தவர், சீன அரசுத் தேர்வில் தேறியவரும்கூட. மேற்கே நெடுந்தூரம் சென்று, இன்றைய கிர்கிஸ்தானில் உள்ள பலாசாகுனைத் தலைநகராக்கினார். தாய்நிலத்தை மீட்க 1134இல் அவர் அனுப்பிய படை, வழியில் கால்நடைகளை இழந்து வெறுங்கையோடு திரும்பியது. அதன்பின் அவர் கவனம் மேற்கிலேயே நிலைத்தது. 1141இல் சமர்க்கண்டுக்கு அருகே கத்வானில் துருக்கிய செல்ஜுக் வம்சத்துச் சுல்தான் சஞ்சாரையே முறியடித்தார்.

அவர் நிறுவிய அரசு காரா கித்தாய் எனப்பட்டது. அது என்னை வியக்கவைக்கிறது. குடிமக்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஆண்ட கித்தான்கள் மதம் மாறவில்லை, மாற்றவும் முயலவில்லை. உள்ளூர் மன்னர்களை அவரவர் அரியணையிலேயே விட்டுவைத்துக் கப்பம் பெற்றார்கள். சீன முறைப்படி ஆட்சியாண்டுகளுக்குப் பெயர் சூட்டுவதை அங்கும் தொடர்ந்தார்கள். தாஷிக்குப் பின் அவர் மனைவியும், பிறகு மகளும் ஆட்சிப்பொறுப்பை ஏற்றார்கள். அரசியர் ஆள்வது லியாவ் காலத்திலேயே இருந்த வழக்கம். மங்கோலியர் வந்த 1218 வரை அந்த அரசு நீடித்தது. இதைப் புதிய அரசு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

டமாஸ்கஸிலிருந்து இஸ்லாமியப் பேரரசை ஆண்ட உமய்யா குலத்தவர் விஷயத்தில் உங்கள் ஐயத்துக்கு வலு கூடுதல். 750இல் அவர்களை வீழ்த்திய அப்பாசியர்களிடமிருந்து உயிர்தப்பிய உமய்யா இளவரசர் அப்துர் ரஹ்மான் ஏறத்தாழத் தனியாகவே ஸ்பெயினை அடைந்தார். ஆனால் சிரியப் படைகளும் குலப் பற்றாளர்களும் அவருக்கு முன்பே அங்கே குடியேறியிருந்தனர். அவர்கள் இல்லாமல் 756இல் குர்துபா (கார்டோபா) நகரம் அவர் வசமாகியிருக்காது.

மூலநிலத்தை மீட்டவர்களும் உண்டு. 1204இல் சிலுவைப்போர் வீரர்களிடம் கான்ஸ்டாண்டிநோப்பிளை இழந்த பைசாந்தியர்களில் (கிழக்கு ரோமானியப் பேரரசினர்) ஒரு பிரிவினர் சிற்றாசியாவில், அதாவது இன்றைய துருக்கியில் உள்ள நிக்கேயாவில் வலுவான அரசை அமைத்து, 1261இல் தலைநகருக்குத் திரும்பினார்கள். அது பெரும் வெற்றிதான். ஆனால் அதன்பின் அரசின் பணமும் படையும் பெரும்பாலும் மேற்குத் திசைக்கே செலவாயின. அவர்களுக்கு அடைக்கலம் தந்த சிற்றாசியாவின் எல்லைக்காவல் தளர்ந்தது. 1331இல் நிக்கேயாவையே ஒட்டோமான்கள் கைப்பற்றினார்கள்.

அன்புடன்