வேலிட் என்றால் அப்ரூவலா?

அன்புள்ள ஐயா,

பேரணாம்பட்டில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஒட்டும் பிரிவில் சொல்யூஷன் வாடை தாங்கவில்லை, எக்ஸாஸ்ட் ஃபேன் போதவில்லை என்று மேலிடத்துக்கு மெயில் போட்டேன். 'யுவர் கன்சர்ன் இஸ் வேலிட்' என்று பதில் வந்தது. சரி, ஃபேன் வந்துவிடும் என்று ஆட்களிடம் சொல்லிவிட்டேன். இன்னும் வரவில்லை. அகராதியில் 'செல்லத்தக்க' என்று போட்டிருக்கிறது. என் கவலை செல்லத்தக்கது என்றால் என்ன பொருள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அகராதி காட்டியது அந்தச் சொல்லின் ஒரு முகத்தை மட்டும். டிக்கெட், லைசென்ஸ், பாஸ்போர்ட்டுக்கு 'செல்லும்' கச்சிதமாகப் பொருந்தும். காட்பாடியில் சென்னைக்கு அன்ரிசர்வ்டு டிக்கெட் எடுத்தால் 3 மணி நேரத்துக்குள் புறப்பட்டுவிட வேண்டும். அதற்குள் வண்டியே இல்லாவிட்டால்தான் அடுத்த முதல் வண்டி. கெடு தாண்டிய டிக்கெட் போலி இல்லை, அசல்தான். ஆனால் வேலிட் இல்லை.

தர்க்கத்தில் இந்தச் சொல் இன்னும் கறாரானது. 'கோட்டை எல்லாம் மலைமேல்தான் இருக்கும். வேலூர் ஜலகண்டேஸ்வரர் கோயிலைச் சுற்றி இருப்பது கோட்டை. ஆகவே அது மலைமேல் இருக்கிறது.' இது வேலிட்டான வாதம். முதல் இரண்டை ஒத்துக்கொண்டவர் மூன்றாவதை மறுக்க முடியாது. கோட்டையோ நடு ஊரில், சமதரையில், அகழிக்கு நடுவே நிற்கிறது! எடுத்துக்கொண்ட கூற்றுகளும் உண்மையாக இருந்தால்தான் அந்த வாதத்தை 'சவுண்ட்' என்பார்கள். இந்த வித்தியாசம் தெரியாமல் எத்தனையோ விவாதங்கள் வீணாகின்றன.

உங்களுக்கு வந்தது மூன்றாவது வகை. கவலை, குறை, உணர்ச்சி இவற்றோடு வரும்போது அதன் பொருள் 'நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது' என்பதுதான். 'செய்து தருகிறோம்' என்ற பேச்சே அதில் இல்லை. அதற்கு 'அப்ரூவ்டு' என்று வந்திருக்க வேண்டும்.

அதற்காக அந்த வரியை லேசாக எண்ண வேண்டாம். ஆட்கள் நாள் முழுக்க இழுக்கும் மூச்சு சம்பந்தப்பட்ட விஷயம் இது. குறை நியாயமானது என்று எழுதிக் கொடுத்தவர்கள், அப்படி ஒரு குறையே இல்லை என்று நாளைக்குச் சொல்வது கஷ்டம். அந்த மெயிலை அழித்துவிடாதீர்கள். வேலை செய்யுமிடத்தில் ஆவியும் புகையும் தேங்காமல் பார்த்துக்கொள்வது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வந்த காலத்திலிருந்தே நிர்வாகத்தின் கடமை.

அதே மெயிலுக்குக் கீழேயே பதில் போடுங்கள்: ஃபேன் எந்தத் தேதிக்குள் வரும், யார் பொறுப்பு? அப்புறம் ஆட்களிடமும், குறை நியாயம்தான் என்று எழுதியிருக்கிறார்கள், அப்ரூவல் இன்னும் வரவில்லை என்று சொல்லிவிடுங்கள்.