மூலிகைப் பயிரில் வரும் வேரழுகலைப் பூஞ்சைகள் சுரக்கும் இயற்கைச் சேர்மங்களைக் கொண்டு கட்டுப்படுத்த முடியுமா?

முடியும். ஆனால் சேர்மத்தைப் பிரித்தெடுத்துத் தெளிப்பதைவிட, அதைச் சுரக்கும் பூஞ்சையை வேரடியில் வளரவிடுவதே நல்லது. ஸ்ட்ரோபிலூரின் கதையைப் பாருங்கள். 1977இல் ஒரு சிறு காளானிலிருந்து பிரித்த இந்தச் சேர்மம் மற்ற பூஞ்சைகளின் சுவாசத்தையே முடக்கும். வெயில் பட்டால் சிதைந்துவிடும். அதனால் அதன் அமைப்பை மாற்றி அசாக்சிஸ்ட்ரோபினை உருவாக்கினார்கள். அது செயற்கை மருந்து. வேரையே மருந்தாக உண்ணும் அஸ்வகந்தா போன்ற பயிரில் இப்படிப்பட்ட மருந்தின் எச்சம் பெரிய விஷயம்.

வேரடியில் வளரவிட ஏற்ற பூஞ்சை டிரைக்கோடெர்மா. அது நோய்ப்பூஞ்சையை நெருங்கும் இடத்திலேயே வேலையை முடித்துவிடும். அது சுரக்கும் கைட்டினேஸ் நொதி எதிரியின் செல்சுவரைக் கரைக்கும், பெப்டைபால்கள் என்ற சிறு புரதத் துணுக்குகள் செல்சவ்வில் துளையிடும். சில ரகங்களில் தேங்காய் வாசனை வரும். அது பென்டைல் பைரோன் என்ற ஆவியாகும் சேர்மம்.

விதைக்குக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா கலந்த டால்க் தூள் போதும். ஏக்கருக்கு 1 கிலோ தூளை 20 கிலோ நன்கு மக்கிய தொழு உரத்தில் கலந்து, நிழலில் ஈரச்சாக்கு போட்டு மூடி, 10 முதல் 15 நாள் வையுங்கள். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. 3 நாளுக்கு ஒருமுறை கிளறுங்கள். வெள்ளை இழை ஓடிப் பச்சை பூத்தால் தயார். மக்காத சாணத்தில் கலந்தால் குவியல் சூடேறிப் பூஞ்சை செத்துவிடும். பல தோல்விகளுக்கு இதுவும் காலாவதியான தூளும்தான் காரணம்.

கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியால் நேர்த்தி செய்த விதையோடு இதைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அது டிரைக்கோடெர்மாவையும் கொல்லும். வயலில் இடும்போது மண்ணில் ஈரம் இருக்கட்டும், தண்ணீர் தேங்க வேண்டாம். நடவுக்கு முன்பே இட வேண்டும். வாடி விழுந்த செடியை இது மீட்காது.

மருந்துக்கூர்க்கன் என்ற மூலிகைச் செடி திடீரென்று வாடினால் முதலில் அடித்தண்டை வெட்டித் தெளிந்த தண்ணீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் பால்போல் இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அதற்கு டிரைக்கோடெர்மாவை நம்பி நாளைக் கடத்தாமல், செடியைப் பிடுங்கி அழித்து, அந்தப் பாத்தித் தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போகாமல் அடைத்துவிடுங்கள்.