வாசகர் கேள்வி: கூரையில்லாத மாளிகைக்குக் கூரை போடக் கூடாதா?

கேள்வி: எங்கள் ஓசூரில் பிரிட்டிஷ் காலத்துச் சேலம் கலெக்டர் பிரெட், இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டையைப் பார்த்துக் கட்டிய மாளிகை பெரும்பாலும் அழிந்துவிட்டது. இங்கிலாந்திலோ இடிந்த பழைய மாளிகைகளைக் காசு செலவழித்து இடிபாடாகவே காப்பாற்றி வருகிறார்கள். அந்தச் செலவில் பழையபடி கட்டிவிடலாமே?
— வாசகர் ஒருவர், ஓசூர்

பதில்: பழையபடி கட்டுவதற்குப் பழையது கையில் இருக்க வேண்டும். இங்கிலாந்தின் டெர்பிஷயரில் குன்றின்மேல் நிற்கும் சட்டன் ஸ்கார்ஸ்டேல் மாளிகையை எடுத்துக்கொள்ளுங்கள். 1720களில் கட்டப்பட்ட அந்த மாளிகை 1919இல் விற்கப்பட்டது. வாங்கியவர்கள் கூரையிலிருந்த ஈயத் தகட்டை உரித்து விற்றார்கள். அறைகளின் மரவேலைப்பாட்டையும் பெயர்த்து விற்றார்கள். அவற்றுள் சில அமெரிக்காவுக்குப் போய், இன்று ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகத்தில் அறைகளாகவே நிற்கின்றன. எஞ்சிய கல்லுக்காகச் சுவர்களையும் இடிக்க இருந்த நிலையில், 1946இல் எழுத்தாளர் ஆஸ்பர்ட் சிட்வெல் அதை விலைக்கு வாங்கித் தடுத்தார். மழையில் நனைந்த சுவர்களில் இத்தாலியக் கலைஞர்கள் செய்த சுதை வேலைப்பாடு இன்னும் துண்டு துண்டாக ஒட்டியிருக்கிறது. இப்போது புதிதாக எதைக் கட்டினாலும் அது ஊகத்தில் எழுந்த கட்டடமாகவே இருக்கும். எஞ்சியுள்ள உண்மையான துண்டுகளும் அதற்குள் மறைந்துவிடும். ஆகவே, உள்ளதை உள்ளபடி நிறுத்துவதே நேர்மையான வழி என்பது என் உறுதியான கருத்து.

1937இல் தீப்பற்றிய வூஸ்டர்ஷயரின் விட்லி கோர்ட் மாளிகையிலும் இதே முறைதான்: மாளிகை இடிபாடாகவே நிற்க, பெரிய நீரூற்றைப் பழுதுபார்த்து மறுபடி ஓடவிட்டிருக்கிறார்கள்.

இப்படி நிறுத்துவதும் சும்மா விட்டுவிடுவதும் ஒன்றல்ல. கூரை போன சுவருக்கு முதல் எதிரி மேல்விளிம்பில் இறங்கும் தண்ணீர். ஆகவே உச்சியைச் சுண்ணாம்புச் சாந்தால் மூடி, நீர் வழிந்தோட வாட்டம் கொடுக்கிறார்கள். சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கி, பழைய கல்லையும் செங்கல்லையும் அரித்துவிடும். நம் பக்கத்தில் இன்னொரு தொல்லை, இடுக்கில் முளைக்கும் அரசங்கன்று. அதைப் பிடித்து இழுத்தால் வேரோடு சுவரும் பெயர்ந்து வரும். தண்டை அறுத்து, வெட்டிய இடத்தில் களைக்கொல்லி தடவி வேரை உள்ளேயே பட்டுப்போக வைத்து, பிறகு சுண்ணாம்பால் இடுக்கை அடைக்க வேண்டும்.

ஓசூரிலும் கட்டுவதைப் பற்றி யோசிப்பதற்கு முன், எஞ்சியுள்ள அடித்தளத்தையும் சுவர்த் துண்டுகளையும் அளந்து வரைபடமாக்கி, ஊர்க் குடும்பங்களிடம் இருக்கக்கூடிய பழைய புகைப்படங்களைத் திரட்டி வைப்பது அவசியம். உங்களைப் போன்ற உள்ளூர்க்காரர்களே அதைத் தொடங்க முடியும்.