அன்ரி, இதற்குப் பதில் எழுதத்தான் வேணுமா?

(கவுன்சில் வீடு, அதாவது பிரிட்டனில் உள்ளூராட்சி மன்றம் வாடகைக்கு விடும் வீடு பற்றி வாசகர்கள் கேட்டவை. பதில் எழுதுபவர் லண்டனில் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் எட்டாம் மாடியில் 31 வருடமாகக் கவுன்சில் வாடகைக்கு இருக்கிறார். அதில் ஒன்பது வருடம் குடியிருப்பாளர் சங்கத்தின் செயலாளர்.)

கேள்வி: எங்கள் எஸ்டேட் (கவுன்சில் குடியிருப்புத் தொகுதி) ஒபிசை மூடிவிட்டு எல்லா அலுவலையும் ரெலிபோனிலும் ஒன்லைனிலும் பார்க்கப் போகிறார்களாம். கருத்துக் கேட்டு 12 பக்கப் படிவம் வந்திருக்கிறது. "அவங்கள் முடிவெடுத்துப்போட்டுத்தான் கேக்கிறாங்கள், குப்பையில போடு" என்கிறார் என் கணவர். போடவா அன்ரி?

போடாதீர்கள் தங்கச்சி. ஆனால் உங்கள் கணவர் சொல்வதிலும் பாதி சரி. கவுன்சிலுக்கு ஒரு விருப்பம் ஏற்கெனவே இருக்கும். அதைச் சட்டமும் தடுக்கவில்லை. விருப்பம் முடிவாக மாறுவதற்கு முன் உங்களிடம் கேட்க வேணும் என்பதுதான் கணக்கு.

கவுன்சில் வீட்டை வாங்கும் உரிமையைத் தந்த அதே 1980 சட்டம்தான், வாடகைக்கு இருப்பவர்களைக் கலந்து பேச வேணும் என்றும் சொன்னது. இப்போது அது 1985 வீடமைப்புச் சட்டத்தின் 105 ஆம் பிரிவு. வீடுகளைப் பராமரிப்பது, திருத்துவது, இடிப்பது, அதோடு வரும் சேவைகள் இவற்றில் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தாலோ நடைமுறையை மாற்றினாலோ, அது வாடகைக்காரரைக் கணிசமாகப் பாதிக்கும் என்றால் கேட்கத்தான் வேணும். பாதிக்குமா இல்லையா என்பது "வீட்டு உரிமையாளரின் அபிப்பிராயத்தில்", அதாவது கவுன்சிலின் அபிப்பிராயத்தில் என்று நடுவில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைப் படித்த நாளில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். உங்கள் கவுன்சில் படிவம் அனுப்பிவிட்டதல்லவா, அப்படியென்றால் அந்தக் கட்டம் தாண்டியாயிற்று.

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. 1985 இல் லண்டனின் பிரென்ற் பகுதியில் பள்ளிக்கூடங்களை மூடுவது பற்றி கன்னிங் வழக்கு என்று ஒன்று நடந்தது. அதில் வழக்கறிஞர் ஸ்டீபன் செட்லி எடுத்து வைத்த நாலு விஷயங்களைத்தான் இன்றைக்கும் எல்லாரும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். முடிவு இறுகுவதற்கு முன் கேட்க வேணும். யோசித்துப் பதில் சொல்லும் அளவுக்குக் காரணங்களைத் தர வேணும். போதிய அவகாசம் தர வேணும். வந்த பதில்களை மனம்வைத்துப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேணும். 2014 இல் உச்ச நீதிமன்றமும் இதை ஏற்றுக்கொண்டது. லண்டனின் ஹரிங்கே பகுதிக் கவுன்சில், 'கவுன்சில் ரக்ஸ்' என்ற உள்ளூர் வரியில் கொடுத்த சலுகையைக் குறைக்கும்போது, வேறு வழியே இல்லை என்பதுபோல மக்களிடம் கேட்டது முறையில்லை என்றார்கள். ஆனால் திரும்பக் கேட்கச் சொல்லி உத்தரவிடவில்லை. ஆகவே வழக்கை நம்பி இருக்காதீர்கள், படிவத்தை நிரப்புங்கள்.

எப்படி நிரப்புவது? கட்டத்துக்குள் சரி அடையாளம் போடுவது உங்களுக்காக இல்லை, அவர்களுடைய அறிக்கையில் ஒரு சதவீதம் எழுதுவதற்காக. உங்கள் இடம் கடைசிப் பக்கத்தில் இருக்கிற வெற்றுப் பெட்டி. அங்கே "மூடக் கூடாது" என்று மட்டும் எழுதினால் ஒருவரும் அசைய மாட்டார்கள். போன மாதம் எந்தத் திகதியில் எதற்காக ஒபிசுக்குப் போனீர்கள், அதையே ரெலிபோனில் செய்தால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டி வந்தது என்று எழுதுங்கள். இரண்டு கேள்வியும் கேளுங்கள்: வேறு என்ன வழிகளைப் பார்த்துவிட்டு இதைத் தெரிந்தீர்கள்? எது இன்னும் முடிவாகவில்லை?

எங்கள் கட்டடத்துக் கதையைச் சொல்கிறேன். இங்கே இரண்டு லிப்ட். அறுபதுகளில் கட்டியவர்கள் காசு மிச்சம் பிடிக்க, ஒன்றை ஒற்றைப்படை மாடிகளுக்கும் மற்றதை இரட்டைப்படை மாடிகளுக்கும் விட்டிருந்தார்கள். இரண்டையும் மாற்றப் போகிறோம், முதலில் ஒற்றைப்படை லிப்டை நாலு மாதம் நிறுத்துகிறோம் என்று கீழே ஹோலில் கூட்டம் வைத்தார்கள். வந்தது பதினொரு பேர். பிஸ்கட் தட்டு இரண்டு. ஒபிசர் பெடியன் நல்லவன். "ஒரு மாடிதானே நடக்கப் போகிறீர்கள்" என்று சிரித்தான்.

எனக்குப் பின்னால் இருந்த ஏழாம் மாடிப் பிள்ளை எழும்பி, தன் தகப்பன் சக்கர நாற்காலியில் இருக்கிறார் என்று சொன்னது. பெடியன் மடிக்கணினியைத் திறந்து தட்டினான். வீடு மகளின் பேரில் இருந்ததால் தகப்பன் அவர்களுடைய பதிவிலேயே இல்லை. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்குக் கீழே இறங்குகிற மனுஷன்! பெடியனின் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. லிப்ட் வேலை தொடங்க முன் அவர்களுக்குத் தரைத் தளத்தில் ஒரு தற்காலிக வீடு கிடைத்தது. பத்துக் கிலோ அரிசி மூட்டையோடு படியேறும் பெண்களைப் பற்றி நான் சொன்னதையும் எழுதிக்கொண்டார்கள். அதற்கு ஒன்றும் நடக்கவில்லை. நாலு மாதம் ஆறு மாதமானது. ஒன்பதாம் மாடிச் சிநேகிதி எங்கள் லிப்டில் எட்டுக்கு வந்து, என் வாசலில் மூட்டையை இறக்கி மூச்சு வாங்கி, தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் மேலே போவா.

கேள்வி: அம்மாவுக்குக் கவுன்சில் பேரைச் சொல்லி ஒரு போன் வந்தது. வீட்டில் திருப்தியா என்று கேட்டார்களாம். அம்மா எல்லாவற்றுக்கும் "வெரி குட், வெரி குட்" என்று சொல்லி வைத்துவிட்டா. குளியலறைச் சுவர் முழுக்கப் பூஞ்சணம்! இது ஏமாற்று அழைப்பா?

அநேகமாக உண்மையான அழைப்புத்தான். 2023 ஏப்ரலில் இருந்து இங்கிலாந்தில் கவுன்சில் வீடு போன்ற சமூக வீடுகளை வைத்திருக்கும் எல்லாரும் தாங்கள் எப்படி நடத்துகிறோம் என்று 22 அளவுகோல்களில் காட்ட வேணும். அதில் 12 வாடகைக்காரரிடமே கேட்டுப் பெறுவது: திருத்த வேலை எப்படி, வீடு பாதுகாப்பானதா, நீங்கள் சொல்வதைக் கேட்டு நடக்கிறார்களா என்றெல்லாம். பெரும்பாலும் வெளிக் கம்பனி ஒன்று போன் பண்ணும். வங்கி விபரம் கேட்டால் மட்டும் உடனே வையுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேணும் என்றும் கேட்கலாம், கேட்பதில் வெட்கம் இல்லை.

அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். போன் எடுத்த பிள்ளையிடம் எப்படிக் குறை சொல்வது என்ற மரியாதை எங்கள் ஆட்களுக்கு ரத்தத்திலேயே ஊறியது. நானும் ஒருமுறை, சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருக்க "சற்றிஸ்பைட்" என்று சொல்லிவிட்டு வாளியை மாற்றப் போனவள்தான். ஆனால் அந்த "வெரி குட்" எல்லாம் சேர்ந்து ஒரு எண்ணாகி, எங்கள் வாடகைக்காரர் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று கவுன்சிலின் அறிக்கையில் அச்சாகும். அடுத்த முறை "அதிருப்தி" என்ற சொல்லை அம்மாவுக்குச் சொல்லிக்கொடுங்கள்: டிஸ்ஸற்றிஸ்பைட். நாலு தரம் சொல்லிப் பார்த்தால் வந்துவிடும்.

இன்னொன்று. அந்த அழைப்பில் சொன்னால் அது திருத்த வேலைக்கான முறைப்பாடு ஆகாது. பூஞ்சணத்தைத் தனியாக எழுத்தில் அறிவியுங்கள், படமும் வையுங்கள். ரொச்டேல் நகரில் பூஞ்சணம் பிடித்த வீட்டில் இருந்த இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக் 2020 டிசம்பரில் இறந்த பிறகு, அந்தப் பிள்ளையின் பெயரிலேயே சட்டம் வந்தது. 2025 ஒக்டோபர் 27 முதல், ஈரமும் பூஞ்சணமும் உடம்புக்குக் கணிசமான கேடு செய்யக்கூடியது என்றால் 10 வேலை நாளுக்குள் வந்து பார்க்க வேணும். உடனடி ஆபத்து என்றால் 24 மணித்தியாலம். திகதியைக் குறித்து வைத்துக்கொண்டு எண்ணுங்கள்.

கேள்வி: நாங்கள் கவுன்சில் பிளாட்டை வாங்கிவிட்டோம். கூரை மாற்றப் போவதாக "செக்ஷன் 20" கடிதம் வந்திருக்கிறது. பயமாக இருக்கிறது.

பயப்படாமல் கடிதத்தின் திகதியைப் பாருங்கள். செலவில் உங்களுக்கும் பங்கு வரும் வேலைக்கு முன் உங்களைக் கேட்கும் கடிதம்தான் அது. வாடகைக்கு இருக்கும் எங்களைக் கேட்பதைவிட உங்களைக் கேட்பதில் சட்டம் இறுக்கமானது, ஏனென்றால் பில் உங்களுக்கு வரும். ஒரு லீஸ்ஹோல்டர் (உங்களைப் போல நீண்டகாலக் குத்தகையில் பிளாட்டை வாங்கியவர்) 250 பவுண்ஸுக்கு மேல் கட்ட வேண்டிய வேலை என்றால் முன்கூட்டி அறிவித்து, கருத்துச் சொல்ல 30 நாள் தர வேணும். விலைமதிப்புகள் வந்த பிறகும் பெரும்பாலும் இன்னொரு 30 நாள். முறைப்படி செய்யாவிட்டால், நியாயசபை விலக்குக் கொடுத்தால் ஒழிய, உங்களிடம் 250க்கு மேல் வாங்க முடியாது. 30 நாளுக்குள் எழுத்தில் கேளுங்கள்: கூரையைத் திருத்தினால் காணாதா, முழுக்க மாற்றத்தான் வேணுமா? பரிசோதனை அறிக்கை எங்கே? பக்கத்து லீஸ்ஹோல்டர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாடகையைக் கூட்டும்போது மட்டும் ஏன் எங்களைக் கேட்பதில்லை?

முதல் கேள்வியில் சொன்ன அந்த 105 ஆம் பிரிவே வாடகையையும் சேவைக் கட்டணத்தையும் வெளியே தள்ளிவிட்டது. கூட்டுவதாக இருந்தால் குறைந்தது 4 கிழமைக்கு முன் அறிவிக்க வேணும், அவ்வளவுதான். கெட்டிக்காரர்கள் எழுதிய சட்டம்.

கேள்வி: எங்கள் எஸ்டேட்டை இடித்துக் கட்டுவதா என்று வாக்கெடுப்பு வருகிறது. வாடகை ஒப்பந்தம் என் பேரில். மகளுக்கு 17 வயது, அவவும் வாக்களிக்கலாமா? தம்பியும் எங்களோடுதான் இருக்கிறார், இரண்டு வருடமாகக் கவுன்சில் வீட்டுப் பட்டியலில் பெயர் இருக்கிறது.

லண்டன் மேயரின் காசைப் பெற்று, வீடுகளை இடித்து 150 வீடோ அதற்கு மேலோ கட்டும் திட்டங்களுக்கு 2018 ஜூலையில் இருந்து இப்படி வாக்கெடுப்பு வைக்க வேணும். 16 வயது காணும், ஆனால் வயது மட்டும் காணாது. வாடகை ஒப்பந்தத்தில் பெயர் இருக்க வேணும், அல்லது அங்கேயே ஒரு வருடமாவது குடியிருக்கும் லீஸ்ஹோல்டராக இருக்க வேணும், அல்லது எஸ்டேட்டில் இருந்துகொண்டு ஒரு வருடமாவது வீட்டுப் பட்டியலில் இருக்க வேணும். மகளுக்கு இந்த முறை இல்லை. உங்களுக்கு உண்டு. தம்பிக்கும் உண்டு, ஆனால் வாக்காளர் பட்டியலில் விடுபடக்கூடியது அவருடைய பெயர்தான். வாக்குச்சீட்டு வரும்வரை காத்திருக்காமல், தன் பெயர் இருக்கிறதா என்று இந்தக் கிழமையே எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்.