குளிரில் பாடும் குரல்: கேள்வி பதில்

ஹட்டன் பக்கத்தில் 22 வருடமாகப் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக் கொடுக்கிறேன். அப்பா தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தில், அதாவது மன்மதன், ரதி கதையைப் பாடி ஆடும் கூத்தில், பின்பாட்டுக்காரர். குரல், சுருதி, மேடை பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில் இது.

நுவரெலியா, ஒரு அம்மா: டீச்சர், மகளுக்கு 8 வயது. காலை 5 மணிக்கு எழுப்பிப் பாட்டுச் சாதகம் செய்ய வைக்கிறேன். குரல் கட்டிக்கொள்கிறது. என்ன பிழை?

நேரம்தான் பிழை. விடியற்காலைச் சாதகம் வெயில் ஊர்களில் வளர்ந்த பழக்கம். நீங்கள் 1800 மீற்றருக்கு மேலே இருக்கிறீர்கள். ஜனவரியில் கொழுந்து கருகும் அளவுக்குப் பனி விழுகிற இடம். அந்தக் காற்றை வாயால் இழுத்துப் பாடினால் தொண்டை வறண்டுவிடும். பிள்ளை தூங்கட்டும். முகம் கழுவி, ஏதாவது சாப்பிட்டு, கொஞ்ச நேரம் பேசிச் சிரித்த பிறகு பாடட்டும். முதல் ஐந்து நிமிடம் வாயை மூடி 'ம்' என்று கீழ்ச் சுரங்களில் மட்டும். அப்புறம் 'ஆ' என்று அகாரம், அதன் பிறகு ஆரம்பப் பாடமான சரளி வரிசை. மேல் ஸ்தாயிக்கு அவசரமே வேண்டாம். பாடும்போது கழுத்து நரம்பு புடைத்தால் உடனே நிறுத்துங்கள்.

தலவாக்கலை, ஒரு தம்பி: குரல் இனிமையாக என்ன குடிக்கலாம்?

தண்ணீர். விழுங்கும்போது குரல்வளை மூடிக்கொள்ளும், ஆகவே குடிப்பது எதுவும் குரல் நாண்களைத் தொடாது. உடம்புக்குள் சேர்ந்த நீர்தான் அவற்றை ஈரமாக வைக்கும். மேடை ஏறும்போது குடித்தால் போதாது, காலையிலிருந்தே குடியுங்கள்.

பண்டாரவளை, பஜனைக் குழு: கோயில் திருவிழாவில் இரவானதும் புல்லாங்குழலும் ஆர்மோனியமும் சேர மாட்டேன் என்கின்றன. வாசிக்கும் தம்பியைத்தான் எல்லோரும் ஏசுகிறார்கள்.

அவரை ஏசாதீர்கள். குழலின் சுருதி அதற்குள் இருக்கும் காற்றின் சூட்டைப் பொறுத்தது. குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகப் போகும், சுருதி இறங்கும். 10 பாகை குளிர்ந்தால் அரைச் சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிடும், அது காதுக்கு நன்றாகத் தெரியும். ஆர்மோனியத்தில் ஒலிப்பது உலோக நாக்கு, குளிருக்கு அது அவ்வளவு மாறாது. முறை வரும்வரை குழலை ஸ்வெட்டருக்குள் வைத்திருக்கச் சொல்லுங்கள். தொடங்குமுன் சத்தம் வராமல் சூடான மூச்சை இரண்டு மூன்று நிமிடம் ஊதட்டும். மிருதங்கத்தையும் சுருதி கூட்டித்தான் தொடங்க வேண்டும், ஈரக் காற்றில் தோல் தளரும். பாடுகிறவர்கள் எந்த வாத்தியத்தைச் சுருதியாகப் பிடிப்பது என்று முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் பாடினால் இரண்டோடும் சேராது.

கொட்டகலை: இஞ்சி, தேன், கற்கண்டு? இவற்றில் எது நல்லது?

தொண்டைக்கு இதமாக இருக்கும். குரலுக்குத் தண்ணீர்தான்.

வட்டவளை: மகனுக்கு 13 வயது, குரல் உடைகிறது. வகுப்பை நிறுத்தவா?

நிறுத்த வேண்டாம். சுகமாக வரும் ஐந்தாறு சுரங்களுக்குள் பாடட்டும், சுருதியையும் இறக்கி வையுங்கள். இந்தக் காலத்தில் தாளமும் கேள்வி ஞானமும் வளரட்டும். பழைய உயரத்தை எட்ட வைக்கப் பார்க்காதீர்கள்.

மஸ்கெலியா, ஒரு தங்கச்சி: அண்ணா காமன் கூத்தில் பாடுகிறார். என் சங்கீத ஆசிரியர் அது வெறும் கத்தல், சுருதி தாளம் இல்லாதது, காதில் விழுந்தாலே என் பாட்டு கெடும் என்கிறார்.

கெடாது. மாசியில் பல இரவுகள் திறந்த வெளியில், தப்பு என்ற பறையின் சத்தத்துக்கு மேல், ஊர் முழுக்கக் கேட்கப் பாடுகிறார்கள். பயிற்சி இல்லாத குரல் இரண்டாம் இரவே போய்விடும். முன்பாட்டுக்காரர் ஒரு அடி பாடுவார், அதையே பின்பாட்டுக்காரர்கள் திருப்பிப் பாடுவார்கள். அந்த இடைவெளியில்தான் அவருக்கு மூச்சும் ஓய்வும். மன்மதன் எரிந்த பிறகு ரதி புலம்பும் இடத்தைக் கேட்டுப் பாருங்கள். அழுகையோடு பாடியும் சுருதி விலகாமல் இருப்பதற்கு எவ்வளவு அடக்கம் வேண்டும்!

பதுளை, ஓர் ஐயா: டீச்சர், அந்த ஆசிரியர் சொன்னதில் நியாயம் உண்டு. கூத்து முடிந்து ஒரு மாதம் பேச முடியாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நானும் பார்த்திருக்கிறேன், ஐயா. என் அப்பாவும் அப்படி இருந்தார். ஆனால் அதற்குக் காரணம் கூத்தா, ஓய்வில்லாமல் தொண்டையை இறுக்கிப் பாடியதா? கச்சேரிப் பாடகருக்கும் அதே கதி வரும்.

நானுஓயா: தப்புக்கு ஏது சுருதி? அதோடு பாடிப் பழகினால் காது கெடும்.

வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காட்டுவதைப் பார்த்ததில்லையா? சூட்டில் ஈரம் போய்த் தோல் இறுகும், நாதம் ஏறும். அடிப்பவர் தட்டிப் பார்த்து, போதாதென்றால் மறுபடி காட்டுவார். அதைக் காதால் தீர்மானிக்கிறார், நீங்கள் தம்புராவைக் கூட்டுவது போல. இந்தக் கலையைக் காப்பாற்றித் தந்தவர்கள் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், வாழ்ந்த நம் மனிதர்கள். அதைச் சங்கீதம் இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்வது எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

பதுளை, அதே ஐயா: சரி, கலையை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பையன்கள் குரலை எப்படிக் காப்பது? அதைச் சொல்லுங்கள்.

நல்ல கேள்வி. இரண்டு முன்பாட்டுக்காரர்கள் மாறி மாறிப் பாடட்டும். அடிவயிற்றிலிருந்து மூச்சு வரட்டும். தப்பு நேராகக் காதருகே வேண்டாம், தன் குரல் கேட்காதவர் கத்தத்தான் செய்வார். மைக் இருந்தால் அதை நம்பிச் சாதாரணக் குரலில் பாடட்டும். கழுத்து நரம்பைப் பற்றி மேலே சொன்னது இவர்களுக்கும்தான். பகலில் பேச்சைக் குறைக்கட்டும், கிசுகிசுப்பதும் வேண்டாம், அதுவும் குரலை வருத்தும்.

ஹப்புத்தளை: பச்சை முட்டை குடித்தால் குரல் வருமாமே?

குடிப்பது பற்றி இது மூன்றாவது கேள்வி. தலவாக்கலைத் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

இராகலை: வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கு விண்ணப்பம் எங்கே?

உங்கள் பாடசாலைச் சங்கீத ஆசிரியரிடம் கேளுங்கள்.

பொகவந்தலாவை, மஸ்கெலியாத் தங்கச்சியின் அண்ணா: நான்தான் அந்தக் காமன் பாட்டுக்காரன். போன மாசியிலிருந்து குரல் கரகரக்கிறது. ஆறு மாதமாகிறது. என்ன பயிற்சி செய்யலாம்?

எந்தப் பயிற்சியும் வேண்டாம், தம்பி. மூன்று வாரத்துக்கு மேல் கரகரத்தால் காது மூக்கு தொண்டை வைத்தியர் குரல் நாண்களைப் பார்த்தே ஆக வேண்டும். இந்த வாரமே கிளினிக்குக்குப் போங்கள், தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போங்கள். வைத்தியர் சொல்லும்வரை பாடாதீர்கள். அடுத்த மாசியில் பின்பாட்டில் நின்றாலும் பரவாயில்லை.