வாசகர் கேள்வி-பதில்: போக்கே கிண்ணமும் நம் ஊர் மீனும்

மகள் ஹவாய்த் தீவுகளில், ஹொனலூலுவில் இருக்கிறாள். அடுத்த மாதம் அங்கே போகிறேன். 'போக்' கடைக்குக் கூட்டிப் போவதாகச் சொல்கிறாள். பச்சை மீனைச் சோற்றின் மேல் வைத்துத் தருவார்களாமே! எதைக் கேட்டு வாங்குவது?
*ஓர் ஆச்சி, கோட்டையூர்*

ஆச்சி, கடையில் 'போ-கே' என்று சொல்லுங்கள். ஹவாய் மொழியில் குறுக்கே வெட்டித் துண்டு போடுவது என்று பொருள். மீன், கடல் உப்பு, லிமு என்கிற கடற்பாசி, வறுத்து நுணுக்கிய குக்குயி கொட்டை, இவ்வளவுதான் பழைய முறை. மலேயா போய்வந்த வீடுகளில் 'புவா கெராஸ்' என்பார்களே, அதே கொட்டைதான் குக்குயி. சோயா சாஸும் எள்ளெண்ணெயும் பின்னாளில் ஜப்பான் போன்ற நாடுகளிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்கள் வழியே சேர்ந்தவை.

அங்கே மீன் கடையிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் தட்டுத் தட்டாகக் கலந்து வைத்திருப்பார்கள். பவுண்டு கணக்கில் எடை போடுவார்கள். ஒரு பவுண்டு 454 கிராம். ஒருவருக்கு 150 கிராம் தாராளம். 'அஹி' என்றால் சூரை இனத்துப் பெரிய மீன். 'ஷோயு அஹி' சோயா சாஸ் போட்டது, 'ஸ்பைசி அஹி' மயோனைஸும் மிளகாய் சாஸும் கலந்தது. பச்சை மீனுக்குத் தயக்கமாக இருந்தால் 'டாக்கோ' கேளுங்கள். அது பேய்க்கணவாய், பெரும்பாலும் வேகவைத்துத்தான் போடுவார்கள். துளி ருசி பார்க்கக் கேட்டால் பல கடைகளில் தருவார்கள், கூச்சப்பட வேண்டாம்.

நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். கார்பன் மோனாக்சைடு வாயு ஏற்றிய சூரை நாள்பட்டாலும் தர்ப்பூசணிச் சிவப்பாகவே இருக்கும். துண்டின் ஓரம் கூர்மையாக நிற்கிறதா, தட்டின் அடியில் நீர் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஓரம் குழைந்து நீர் விட்டிருந்தால் கலந்து நேரமாகிவிட்டது. முன்பு உறையவைத்த மீன் என்று சீட்டில் எழுதியிருந்தால் அது குறையில்லை, விலைதான் குறைவு.

நாமே தேர்ந்தெடுத்துக் கலக்கச் சொல்லும் கடைகளில் பலர் செய்யும் தவறு, மூன்று நான்கு சாஸைச் சேர்த்து ஊற்றச் சொல்வது. உப்பு மீனின் நீரை இழுக்கும், சோறு சொதசொதவென்று ஆகிவிடும். ஒரே சாஸ், அதிலும் பாதி அளவு போதும். மீதியைத் தனிக் கிண்ணத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எலுமிச்சை சேர்ந்த சாஸ் என்றால் உடனே சாப்பிட வேண்டும். புளிப்பு பட்டுச் சில நிமிடங்களிலேயே மீனின் மேற்பரப்பு வெந்ததுபோல் வெளுத்துவிடும்.

நான் சைவம். சிங்கப்பூரில் பேரன் போக்கே கடைக்குக் கூப்பிட்டால் எனக்கு அங்கே என்ன கிடைக்கும்?
*வாசகர், கானாடுகாத்தான்*

டோஃபு என்கிற சோயா பனீர், அவகாடோ, வெள்ளரி, எடமாமே என்கிற பச்சை சோயா பயறு எல்லாம் பெரும்பாலான கடைகளில் உண்டு. மீன் ஒளிந்திருக்கும் இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். மேலே தூவும் ஃபுரிகாகேயில் பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவல் இருக்கும். பொன்சு என்கிற புளிப்பு சாஸிலும், புளித்த சோயா விழுதில் செய்யும் மிசோ சூப்பிலும் மீன் சாறு சேர்ப்பது வழக்கம். மயோனைஸில் முட்டை. 'வெறும் எள்ளும் நோரியும் போதும், கரண்டியை மாற்றி எடுங்கள்' என்று சொல்லிவிடுங்கள். நோரி என்பது காய்ந்த கடற்பாசித் தாள்.

தொண்டியிலிருந்து வரும் மீன் காரைக்குடி சந்தையில் நன்றாகத்தான் இருக்கிறது. அதை வீட்டிலேயே பச்சையாகப் போட்டுச் செய்யலாமா? ஃப்ரீசரில் வைத்தால் போதாதா?
*வாசகி, தேவகோட்டை*

வேண்டாம், கண்டிப்பாக வேண்டாம். அது குழம்புக்கென்று பிடித்து, குழம்புக்கென்று ஐஸ் போட்ட மீன். பச்சையாகச் சாப்பிடும் மீனில் புழுக்களைக் கொல்ல அமெரிக்க உணவு விதி கேட்பது மைனஸ் 20 டிகிரியில் 7 நாள், அல்லது கெட்டியாக உறைந்தபின் மைனஸ் 35 டிகிரியில் 15 மணி நேரம். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18-ஐத் தொடுவதே பெரிது. கதவைத் திறக்கும்போதும் கரண்ட் போகும்போதும் அதுவும் ஏறிவிடும். அப்படியே உறைந்தாலும் சாவது புழுதான், பாக்டீரியா பிழைத்துக்கொள்ளும்.

சூரையிலும் கானாங்கெளுத்தியிலும் இன்னொரு ஆபத்து. ஐஸ் குறைந்து மீன் சூடேறினால் சதையில் ஹிஸ்டமின் உண்டாகும். அது வேகவைத்தாலும் போகாது, உறையவைத்தாலும் போகாது. நாக்கில் மிளகு கடித்ததுபோல் சுரீரென்று இருந்தால் துப்பிவிடுங்கள். முகம் சிவந்து தலைவலி வந்தால் மருத்துவரிடம் போங்கள்.

ஆசையை விட வேண்டியதில்லை, இறாலில் செய்யுங்கள். இரண்டு பேருக்கு உரித்து நரம்பெடுத்த இறால் 250 கிராம். கொதிக்கும் உப்புநீரில் போட்டு 2 நிமிடம். நடுச்சதை கண்ணாடிபோல் இல்லாமல் வெளுத்து, பாதி வட்டமாக வளைந்ததும் எடுத்துவிடுங்கள். முழு வட்டமாகச் சுருண்டால் ரப்பர்தான். உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு ஆறவைத்து, துணியில் ஒற்றி ஈரம் போக்குங்கள். இந்த ஒற்றலை விட்டால் சாஸ் ஒட்டாமல் வழிந்துவிடும்.

அடுத்து எண்ணெய். அங்கே ஊற்றுவது வறுத்த எள்ளில் எடுத்தது. நம் செக்கு நல்லெண்ணெயில் அந்த வாசம் வராது. ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயுடன், வெறும் சட்டியில் பொன்னிறமாக வறுத்து ஒன்றிரண்டாக இடித்த எள் ஒரு மேசைக்கரண்டி சேர்த்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். சோயா சாஸ் ஒன்றரை மேசைக்கரண்டி, லைட் வகை. டார்க் ஊற்றினால் கறுத்துவிடும். சின்ன வெங்காயம் ஆறு, மெல்லிசாகச் சீவிக் குளிர்ந்த நீரில் 10 நிமிடம் போட்டுப் பிழிந்தது. வறுத்துப் பொடித்த முந்திரி ஒரு கரண்டி, குக்குயிக்குப் பதில். கலந்து ஃப்ரிட்ஜில் 15 நிமிடம். அதற்கு மேல் வைத்தால் நீர் விடும்.

சோறு எப்படி? கவுனி அரிசி போடலாமா?
*வாசகி, பள்ளத்தூர்*

பச்சரிசியில் குட்டையான ரகம் எடுங்கள். இட்லி அரிசி புழுங்கல், ஒட்டாது. கழுவிய நீர் தெளியும்வரை களைந்து, அரை மணி ஊறவைத்து, நீரை வடித்து, ஒரு பங்குக்கு ஒன்றேகால் பங்கு தண்ணீர் வையுங்கள். இளஞ்சூடு வரை ஆறட்டும். ஆவி பறக்கும் சோற்றில் இறாலைக் கொட்டினால் குளிர்ச்சி போய்விடும். அந்தக் குளிர்ச்சிதான் இந்தக் கிண்ணத்தின் உயிர்.

கவுனி தாராளமாகப் போடலாம். வெளிநாட்டுக் கடைகள் சிலவற்றிலும் கறுப்பரிசி வைக்கிறார்கள். இரவே ஊறப்போட்டு, ஒன்றுக்கு மூன்று தண்ணீரில் குக்கரில் நன்றாக வேக விடுங்கள். தவிடு இருப்பதால் உதிரியாக நிற்கும். கால் பங்கு பச்சரிசிச் சோறு கலந்தால் கரண்டியில் சேர்ந்து வரும். நாம் அதில் சர்க்கரையும் தேங்காயும் போட்டே பழகிவிட்டோம், உப்புக்கும் எள்ளுக்கும் அது பிரமாதமாகப் பொருந்துகிறது.

கர்ப்பமாக இருக்கும் மருமகள் கடையில் சாப்பிடலாமா?
*வாசகி, காரைக்குடி*

பச்சை மீன் கூடாது. வெந்த இறால், டோஃபு போட்டது சாப்பிடலாம். அதையும் பச்சை மீன் கரண்டி படாமல் கலக்கச் சொல்லி வாங்குங்கள்.

பார்சல் வாங்கினால் எவ்வளவு நேரம் தாங்கும்?
*வாசகர், புதுவயல்*

வெளியில் இரண்டு மணி நேரம். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். நம் பக்கம் பாதி வருடம் அப்படித்தான். கடையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிடுங்கள்.